இணைச்சீருக்கு ஒரு சேலை

பெரியநாயக்கன்பாளையம்
13.7.2025

அன்புத் தம்பி மிதுனுக்கு,

அக்கா வர்ஷினி எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே கட்ச் பாலைவனத்தில் நீயும் உன் காற்றாலைகளும் சுகமாகச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உனக்கு சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைத்து நீ கூப்பிட்டாலும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் அத்தை "ஏங்கண்ணு, அங்க அரிசிச் சோறு கெடைக்குதா?" என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துபோகும். நாம் இரண்டு பேரும் தனியாகப் பேசி ஒரு வருடம் ஆகிறது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

தாராபுரத்துச் சைத்ராவுக்கும் உனக்கும் தை இருபத்தைந்தாம் தேதி என்று உறுதி ஆனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா போனதிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்கிற திருமூர்த்தி சித்தப்பாதான் மண்டபமும் பேசி முடித்தார்.

ஒன்று கேட்க வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு என்பதை வடக்கே போய் மறந்திருக்க மாட்டாய். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டுக் கட்டி, பேழைமூடிக் கூடை ஏந்தி அவன் பக்கத்தில் வருவாள். கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடிக்க, சடங்கை நடத்துகிற அருமைக்காரர் சீர் செய்து வைப்பார். கட்டிக்கொள்ள வருகிறவளுக்கு முன்பே கூடப் பிறந்தவளுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று ஊரறியச் சொல்வது அது. உனக்கு இருக்கும் ஒரே அக்கா நான். அது எனக்குத்தானே? இதுவரை யாரும் என்னிடம் வாயே திறக்கவில்லை. நானாகப் போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் என்ன வெட்கம்!

இன்னொரு சேதி. அவிநாசி சாலையில் பைபாஸ் பக்கம் ‘அவுட்லெட் வில்லேஜ்’ என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு கடை, பெரிய கம்பெனித் துணியெல்லாம் பாதி விலையாம். ஓர் ஆடு கிடையாது, ஒரு கோயில் கிடையாது, அதற்குப் பேர் வில்லேஜ். ஆனால் எல்லாமே தரைத்தளம், மாடிப்படியே இல்லை என்று விளம்பரத்தில் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. லாரி இடித்து நான் சக்கர நாற்காலிக்கு வந்து ஏழு தீபாவளி ஆகிவிட்டது. ஏழு தீபாவளிக்கும் என் சேலையை அம்மா எடுத்தார்கள், அல்லது நீ எடுத்தாய். எல்லாம் வெங்காயத் தோல் நிறம்! இணைச்சீர்ப் பட்டை முறைப்படி நீதான் எடுத்துத் தர வேண்டும், சரி. நிறத்தை நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காற்றாலை மேலே ஏறும்போது பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்.

உன் அக்கா
வர்ஷினி

கட்ச்
29.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மிதுனின் வணக்கங்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே நான் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே உப்புக் காற்று. சட்டையைக் கழற்றி மாட்டினால் அது தானாக நிற்கிறது. மத்தியானம் காற்றாலைக் கோபுரத்தின் நிழல் விழுகிற இடத்தில் ஒட்டகங்கள் வரிசையாக வந்து நின்றுகொள்ளும். நிழல் நகர்ந்தால் அவையும் நகரும். அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள்.

சேலை எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஒன்றுக்கு இரண்டாகவே எடுங்கள். துணைக்குச் சித்தப்பா மகள் கனிஷ்காவைக் கூட்டிப் போங்கள். கல்யாண வேலை எதற்கும் நீங்கள் சிரமப்படக் கூடாது. முன்வரிசையில் மகாராணி மாதிரி நீங்கள் உட்கார்ந்திருந்தால் எனக்கு அது போதும்.

என்றும் அன்புடன்
உங்கள் தம்பி மிதுன்

பெரியநாயக்கன்பாளையம்
11.8.2025

அன்புத் தம்பிக்கு,

நலமே. அம்மாவின் முட்டி வலி ஒட்டகக் கதையைக் கேட்டு ஒரு நாள் மட்டும் குறைந்தது.

நேற்று வில்லேஜுக்குப் போய் வந்தோம். நான், அம்மா, கனிஷ்கா. சித்தப்பா கார் அனுப்பினார். நல்ல இடம். நடுவில் செயற்கைக் குளம், குளத்தில் பிளாஸ்டிக் தாமரை, சுற்றிலும் ஓட்டு வீடு மாதிரி கட்டிய கடைகள். போன வருடம் விற்காத சட்டைக்கு இந்த வருடம் ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள். கனிஷ்கா பல்லாங்குழிக் காய் மாதிரி ஒரு கடை விடாமல் விழுந்து விழுந்து எழுந்தாள். பாதைகள் வழவழவென்று இருக்கின்றன. என் நாற்காலி தானாக உருண்டது. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். காப்பியும் மோசமில்லை.

கனிஷ்காவுக்கு ஒரு பட்டு எடுத்தார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். அவளுக்கு நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. அம்மா இரண்டு சேலை காட்டினார்கள். நான்தான் அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

உன் கடிதத்தில் ஒட்டகம் வந்தது, உப்பு வந்தது, மகாராணி வந்தாள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. மறந்திருப்பாய். அடுத்த கடிதத்தில் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா

கட்ச்
4.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம்தானே? மூன்று இயந்திரத்தில் இறக்கை மாற்றும் வேலை. கை ஒழியவில்லை. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

இங்கே பெண்கள் கையால் பூவேலை செய்கிற சால்வை ஒன்று இதோடு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி பதித்தது. உங்களுக்குப் பிடிக்கும். கனிஷ்காவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். மற்றவை அடுத்த கடிதத்தில் விவரமாக.

உங்கள் தம்பி
மிதுன்

பெரியநாயக்கன்பாளையம்
15.9.2025

மிதுனுக்கு,

நான் நலம். சால்வை வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. வெங்காயத் தோல் நிறம்.

போன கடிதத்தில் வில்லேஜைப் பற்றி உனக்குப் பாதிதான் எழுதினேன். மீதியை நீயாக எழுதுவாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். நீ சால்வை அனுப்பினாய். இனி நானே எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்த இடம் போட்டிருந்தார்கள், நீலத்தில் படம் வரைந்து. அதில் ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது. காவலாளி "நம்ம ஆளுக வண்டிங்க, இப்ப எடுத்துருவாங்க" என்றார். நாங்கள் திரும்பிப் போகும்வரை எடுக்கவில்லை. மாடி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ஓட்டு வீடு மாதிரி தெரிய வேண்டுமென்று ஒவ்வொரு கடைக்கும் முன்னால் ஒரு படி வைத்திருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டரில் பம்புக்கு வரைபடம் போடுகிறவள், கைப்பையில் டேப் இல்லாமல் வெளியே போக மாட்டேன் என்று உனக்குத் தெரியும். பெரும்பாலான படிகள் நூற்றைம்பது மில்லிமீட்டர். துணி போட்டுப் பார்க்கிற அறையின் கதவு அறுநூறு. என் நாற்காலி அறுநூற்று நாற்பது. நாற்பது மில்லிமீட்டரில் எனக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு கதவு சாத்திக்கொண்டது.

படி தாழ்வாக இருந்ததால் உள்ளே போக முடிந்த ஒன்றிரண்டு கடைகளிலும் என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்து "அவங்களுக்கு என்ன மாதிரி வேணுமுங்க?" என்கிறார்கள். எவ்வளவு மரியாதை பார்! அந்த ‘ங்க’ எல்லாம் என் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. வெளியே போகிற நாளில் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அன்றைக்கு அந்தக் காப்பியைக் குடித்துத் தொலைத்தேன். எங்களுக்கென்று கட்டிய கழிவறையைத் திறந்தால், உள்ளே இருபது துணிக்கடைப் பொம்மைகள். தலை இல்லாதது, கை இல்லாதது, ஒற்றைக் கால். அவர்களும் நம்மவர்கள் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள் போல. அம்மாவுக்கு அழுகை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இன்னும் அவசரமாகிவிட்டது.

இதெல்லாம் பெரிதில்லை. பட்டுக் கடை வாசலில் அம்மா உள்ளே போன பிறகு கனிஷ்கா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "அக்கா, இது எனக்குச் சேல எடுக்கத்தானுங்க வந்தது. இணைச்சீருக்கு என்னய நிக்கச் சொல்லிப்போட்டாங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலீன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "மிதுன் அண்ணன்தானுங்க அப்பாகிட்டச் சொன்னது" என்றாள்.

சித்தப்பா முடிவு செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அம்மா என்றால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். நீ என்றதும் எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. என் சேலைக்கு நிறம் பார்க்கப் போகிறேன் என்று நான் உனக்கு எழுதினேன். அவளுடைய சேலைக்குத் துணையாக என்னை அனுப்பி வைத்தாய்.

உண்மையா என்று மட்டும் எழுது.

வர்ஷினி

கட்ச்
24.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உண்மைதான். ஜூன் மாதமே நான்தான் சித்தப்பாவிடம் சொன்னேன். "அக்காவச் சிரமப்படுத்த வேண்டாமுங்க, கனிஷ்காவே நிக்கட்டும்" என்றேன்.

ஏன் என்று எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பெரியப்பா மகன் அருள்குமார் கல்யாணத்தில், போட்டோ எடுக்க வேண்டுமென்று நாலு பேர் உங்களை நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினார்கள். பாதியில் ஒரு பக்கம் சாய்ந்தது. உங்கள் சேலை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. மண்டபமே பார்த்தது. வீட்டுக்கு வரும் வழியில் காரில் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதீர்கள். நான் முன்சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். இனி என் அக்காவுக்கு இப்படி ஒரு நாள் வரக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன் அக்கா. சத்தியமாக அவ்வளவுதான்.

இப்போது சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சேலையும் எடுத்தாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள்
மிதுன்

கட்ச்
22.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தீபாவளி நன்றாகப் போனதா? இங்கே நாங்கள் நாலு தமிழர்கள் சேர்ந்து முறுக்கு சுட்டோம். கடித்த ஒருவனுக்குப் பல் ஆடிவிட்டது.

அம்மா போனில் நீங்கள் நலம் என்றார்கள். உங்களைக் கூப்பிடச் சொன்னேன். "வேலயா இருக்கறா கண்ணு" என்றார்கள். கடிதம் வருமென்று தினமும் ஆபீஸ் வேனை எதிர்பார்க்கிறேன். திட்டியாவது எழுதுங்கள்.

மிதுன்

கட்ச்
10.11.2025

அக்கா,

நலமா? ஒரு வரியாவது எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

மிதுன்

பெரியநாயக்கன்பாளையம்
23.11.2025

அன்புத் தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் பல்லெல்லாம் ஆடாமல் நலமாக இருக்க வேண்டும். கோபத்தில் எழுதினால் திரும்ப வாங்க முடியாத எதையாவது எழுதிவிடுவேன் என்று இரண்டு மாதம் பேனாவையே தொடவில்லை. உன்னைத் தவிக்கவிட்டது தப்புதான். கொஞ்சம் தவிக்கட்டும் என்றும் இருந்தது.

போன வியாழக்கிழமை நான் தனியாக வில்லேஜுக்குப் போனேன். ஆமாம், தனியாக. அம்மாவிடம் கம்பெனி வேலை என்று பொய் சொல்லி, டாக்சி பிடித்து, என் பலகையைப் போட்டு நாற்காலியிலிருந்து சீட்டுக்கு நானே நகர்ந்து உட்கார்ந்து போனேன். நாற்பத்திரண்டு கடையின் படியையும் அளந்தேன். எந்தக் கடைக்கு எவ்வளவு நீளச் சரிவு வேண்டும் என்று வீட்டுக்கு வந்து ஒரு வரைபடம் போட்டு, சனிக்கிழமை மறுபடி எடுத்துப் போய் மேலாளர் பாலகோபால் என்பவரிடம் கொடுத்தேன். "ஆகட்டுமுங்க மேடம், செஞ்சுபோடலாமுங்க" என்றார். நம் ஊரில் ‘ஆகட்டுமுங்க’ என்றால் ஆகாது என்று அர்த்தம். நான் நகரவில்லை. அந்தக் கழிவறைப் பொம்மைகளையாவது இப்போதே வெளியேற்றுங்கள் என்றேன். கடைசிப் பொம்மை போகும்வரை கதவருகில் உட்கார்ந்து எண்ணினேன். பிறகு காப்பி வாங்கி நிதானமாகக் குடித்தேன்.

திரும்பும்போது அந்தப் பட்டுக் கடை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரம்ஷா என்று ஒரு விற்பனைப் பெண் வெளியே வந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கும். என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அக்கா, உள்ள வர்றீங்களா? தூக்கட்டுங்களா, பலகை போடட்டுங்களா?" என்றாள். ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

பலகை என்றேன். ஷோகேஸுக்குப் போடுகிற ப்ளைவுட்டைக் கொண்டு வந்து படியில் சாய்த்தாள். கொஞ்சம் செங்குத்துதான், அதையும் சொன்னேன். உள்ளே போனதும் அவள் கேட்ட அடுத்த கேள்வி, எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று. கத்தரிப்பூ நிறம் என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எனக்கு ஒரு நிறம் பிடிக்கும் என்பதையே மறந்திருந்தேன். பதினொரு சேலை பிரித்தாள். ஒன்றை என் தோளில் போட்டு, நிலைக்கண்ணாடியை எனக்கு முழுதாகத் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்தாள். நன்றாக இருந்தேன் தம்பி. உன் அக்கா இன்னும் அழகாகத்தான் இருக்கிறாள். வாங்கிவிட்டேன். எந்தச் சீருக்காகவும் இல்லை, எனக்காக.

அருள்குமார் கல்யாணத்தன்று காரில் நான் அழுதது உண்மை. சேலை மாட்டியதற்கு அழவில்லை. நாற்காலி சாய்ந்ததற்கும் அழவில்லை. தூக்கும் முன்னால் நாலு பேரில் ஒருவர்கூடத் தூக்கலாமா என்று என்னைக் கேட்கவில்லை. சோபாவைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். அதற்குத்தான் அழுதேன். பஸ் கண்டக்டரிடம்கூடச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஊர் இது. என் காரியம் என்று வந்தால் மட்டும் எல்லோரும் என் மேல் இருக்கிற பாசத்தால் உங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறீர்கள். நீயும் நாற்காலியின் ஒரு மூலையைப் பிடித்துவிட்டாயே என்பதுதான் என் வருத்தம்.

கோபம் போய்விட்டது. வருத்தம் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா

கட்ச்
7.12.2025

என் அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் கோபுரத்தில் ஏறவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு அறையில் இருந்தேன்.

ஒரு மூலையைப் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. அன்றைக்கு மண்டபத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. அதை உங்கள் சிரமம் என்று பேர் வைத்துச் சித்தப்பாவிடம் சொன்னேன். இதை எழுத எனக்கு மூன்று தாள் கிழிந்தது.

நான் செய்திருப்பவற்றைச் சொல்கிறேன். சிக்னலுக்காகப் பூஜ் நகரம் வரை போய்ச் சித்தப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். நான் சொன்னது தப்பு, அக்காவிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். அவர், "நாங்களும் அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கோணும் கண்ணு" என்றார். கனிஷ்கா பக்கத்திலிருந்து "அப்பாடா!" என்று கத்தினாள். மண்டப மேடைக்கு ஐந்து படி. அருமைக்காரரிடம் கேட்டேன். "மேடையெல்லாம் இப்ப வந்ததுங்க தம்பி. சீரு கீழ செஞ்சா ஆகாதுன்னு யாருங்க சொன்னது?" என்றார்.

இதெல்லாம் சொல்வதால் நீங்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். எல்லா ஏற்பாடும் முடித்துவிட்டுக் கேட்டால் அதுவும் தூக்குகிற மாதிரிதான். உங்களுக்கு மனமில்லை என்றால் கனிஷ்கா இருக்கிறாள். யாரும் உங்களை ஏன் என்று கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அக்கா, எனக்கு இணைச்சீர் செய்வீர்களா?

பதில் எழுத எத்தனை நாள் எடுத்தாலும் பொறுத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
மிதுன்

பெரியநாயக்கன்பாளையம்
16.12.2025

என் தம்பிக்கு,

சுகம், சுகம். செய்கிறேன்.

இரண்டு மாதம் இழுத்தடிக்கலாம் என்று பார்த்தேன். தபால்காரர் தெரு முனை திரும்புவதற்குள் தாளை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் மடியில் தலை வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். குழம்பு அன்றைக்கு வேகவே இல்லை.

நான் நிற்க மாட்டேன், ஆகவே நீ உட்கார வேண்டும். நல்ல முக்காலியாகப் பார்த்து வை. கத்தரிப்பூச் சேலையைத்தான் கட்டுவேன். தம்பி எடுத்துத் தர வேண்டும் என்பது முறை. அதனால் நீ வந்ததும் அதை உன் கையில் கொடுத்து உன் கையால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மாம்பழ மஞ்சளைக் கனிஷ்கா வரவேற்புக்குக் கட்டட்டும்.

பொங்கலுக்கு முன்னால் வந்துவிடு. சைத்ரா உன்னைவிட நன்றாகப் பேசுகிறாள். தினமும் போன் செய்கிறாள்.

அன்பு அக்கா
வர்ஷினி

பெரியநாயக்கன்பாளையம்
20.2.2026

அன்புத் தம்பிக்கும், அவன் தோள் மேலாக இதைப் படித்துக்கொண்டிருக்கும் சைத்ராவுக்கும்,

இருவரும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. வீடு வெறிச்சென்று இருக்கிறது. அம்மா ஸ்பீக்கரில் போட ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். பாலகோபால் நேற்று போன் செய்தார். பதினொரு கடைக்குச் சரிவு போட்டுவிட்டார்களாம். மீதி முப்பத்தொன்றுக்கு ‘ஆகட்டுமுங்க’. நான் விடுவதாக இல்லை. ரம்ஷா கல்யாணப் படத்தைக் கேட்டு வாங்கி, கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாளாம்.

கல்யாணத்தன்று உன்னிடம் இதைச் சொல்ல நேரமில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், மை கலைந்திருக்கும்.

அருமைக்காரர் "இணைச்சீர்க்காரி வாங்க அம்மணி" என்று கூப்பிட்டதும், பழக்கத்தில் அருள்குமாரும் இன்னும் மூன்று பேரும் என் நாற்காலியை நோக்கி வந்தார்கள். அருள்குமார் கை வைக்கப் போனவன் நிறுத்தி, "அக்கா, புடிக்கட்டுங்களா?" என்றான். வேண்டாமுங்க, நானே வாரேன் என்றேன். பேழைமூடியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். உனக்கும் எனக்கும் நடுவில் இருபதடி இருக்கும். ஏழெட்டு அடி வந்திருப்பேன், ஜமுக்காளத்தின் மடிப்பில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஐந்நூறு பேர் ஒன்றாக ‘அடடா’ என்றார்கள். மேளக்காரர்கூட ஒரு அடியை விட்டுவிட்டார். சித்தப்பா ஓடி வரக் காலெடுத்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் உன்னைப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தாய். இரண்டு கையும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. உன் முகம் வெளுத்துவிட்டது. சின்ன வயதிலிருந்து உன்னை எனக்குத் தெரியும், நான் இருமினாலே தண்ணீர்ச் சொம்போடு ஓடி வருகிறவன். உன் உடம்பு முழுக்க எழுந்து வருவதற்குத் துடித்தது எனக்குத் தெரிந்தது. உன் கண் மட்டும், வரட்டுமா அக்கா என்று கேட்டது. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. பின்னால் ஒரு இழுப்பு, முன்னால் ஒரு தள்ளு. இரண்டாவது தடவையில் சக்கரம் ஏறிவிட்டது. வந்து கூறைச்சேலையின் முனையைப் பிடித்தேன்.

அந்த இருபதடியும் நீ எழுந்திருக்கவே இல்லை. அதற்குத்தான் தம்பி இந்தக் கடிதம்.

என்றும் உன்
அக்கா